புதிய வீட்டில் கூரைச் சூரிய மின்னாற்றல்

கூரைச் சூரிய மின்னாற்றல் என்பது கட்டிடத்தின் மேற்கூரையில் சூரிய மின்பலகைகளைப் பொருத்தி, சூரிய ஒளியிலிருந்து நேரடியாக மின்சாரம் பெறும் முறையாகும். புதிதாக வீடு கட்டுவோர் இதனைச் சேர்ப்பதா, பின்னர் பார்த்துக்கொள்வதா என்னும் வினாவைக் கட்டுமானத்தின் தொடக்கத்திலேயே எதிர்கொள்கின்றனர். இவ்வினா உண்மையில் இரண்டு முடிவுகளைக் கொண்டது. முதலாவது, மின்பலகைகளை ஏற்கத்தக்க வகையில் கூரையை அமைப்பது. இதனைத் தளம் போட்ட பின்னர் ஒத்திப்போட இயலாது. இரண்டாவது, மின்பலகைகளை வாங்கிப் பொருத்துவது. இதனை ஓராண்டு கழித்தும் செய்யலாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே பல வீடுகளில் தேவையற்ற செலவோ திருத்த இயலாத குறையோ ஏற்படுகிறது. இக்கட்டுரை மதுரை நகருக்கு வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் சாலையில் அமைந்துள்ள சமயநல்லூரையும் அதனைச் சூழ்ந்த வைகைச் சமவெளியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

பின்னணி

சமயநல்லூர் மதுரை மாவட்டத்தில் வைகை ஆற்றை ஒட்டிய பகுதியில் அமைந்துள்ள ஊர் ஆகும். மதுரை–திண்டுக்கல் தொடருந்துப் பாதையில் இங்கு ஒரு நிலையம் உள்ளது. மதுரை நகரம் விளாங்குடி, பரவை வழியாக இத்திசையில் விரிவடைந்து வருவதால், வயலும் தென்னந்தோப்பும் இருந்த இடங்களில் வீட்டுமனைகள் பெருகியுள்ளன.

மின் உற்பத்தியைப் பொறுத்தவரையில் இவ்வூருக்கு ஒரு தனி வரலாறு உண்டு. மதுரை பவர் கார்ப்பரேஷன் என்னும் தனியார் நிறுவனத்தின் 106 மெகாவாட் திறன் கொண்ட எண்ணெய் மின்நிலையம் 2001-ஆம் ஆண்டு இங்கு இயங்கத் தொடங்கியது. எண்ணெயை எரித்துப் பெறும் மின்சாரத்தின் விலை எரிபொருள் விலையுடன் சேர்ந்து ஏறி இறங்கக்கூடியது. சூரிய மின்சாரத்தின் செலவோ பெரும்பாலும் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதன் பின் எரிபொருள் செலவு இல்லை. ஆகவே சூரிய மின்சாரம் மலிவானதா என்னும் வினா, முதலில் இடும் தொகை எத்தனை ஆண்டுகளில் திரும்பக் கிடைக்கும் என்னும் வினாவாக மாறிவிடுகிறது.

இயங்கும் முறை

ஒளி படும்போது சில பொருட்களில் மின்னழுத்தம் தோன்றுவதைப் பிரெஞ்சு இயற்பியலாளர் எட்மண்ட் பெக்கெரல் 1839-இல் கண்டறிந்தார். நடைமுறைப் பயனுள்ள சிலிக்கான் சூரிய மின்கலம் 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. அதன் திறன் ஏறத்தாழ 6 விழுக்காடு ஆகும். இன்று சந்தையில் உள்ள மின்பலகைகள் தம்மேல் விழும் ஒளியாற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை மின்னாற்றலாக மாற்றுகின்றன.

மின்பலகை தருவது நேர் மின்னோட்டம். வீட்டுக் கருவிகள் பயன்படுத்துவது மாறு மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி இன்வெர்ட்டர் எனப்படுகிறது. அமைப்பின் கொள்ளளவு கிலோவாட்டில் குறிக்கப்படும். அது உண்டாக்கும் மின்னாற்றல் யூனிட்டில் அளக்கப்படும். ஒரு கிலோவாட் திறன் ஒரு மணி நேரம் தொடர்ந்து இயங்கினால் கிடைப்பது ஒரு யூனிட் ஆகும்.

வகைகள்

வீடுகளில் மூன்று வகை அமைப்புகள் பயன்பாட்டில் உள்ளன.

- மின்கட்டமைப்புடன் இணைந்த அமைப்பு: பகலில் வீட்டுத் தேவை போக மிஞ்சும் மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குச் செல்கிறது. இரவில் அங்கிருந்து மின்சாரம் பெறப்படுகிறது. பேட்டரி தேவையில்லை. செலவு குறைவு.
- தனித்தியங்கும் அமைப்பு: மின்வாரிய இணைப்புடன் தொடர்பின்றி, பேட்டரியில் மின்சாரத்தைச் சேமித்துப் பயன்படுத்துவது. தோட்டவீடுகளுக்கும் மின்கம்பி எட்டாத இடங்களுக்கும் ஏற்றது.
- கலப்பு அமைப்பு: மின்கட்டமைப்பு இணைப்பு, பேட்டரி ஆகிய இரண்டையும் கொண்டது. செலவு மிகுதி.

மின்கட்டமைப்புடன் இணைந்த வீடுகளில் இருவழி மின்னளவி பொருத்தப்படுகிறது. பெற்ற யூனிட்டுகளிலிருந்து அனுப்பிய யூனிட்டுகளைக் கழித்து, எஞ்சியதற்குக் கட்டணம் கணக்கிடும் முறை நிகர அளவீடு எனப்படும். தமிழ்நாட்டில் வீட்டு நுகர்வோருக்கான நிகர அளவீடு, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021-இல் வெளியிட்ட விதிமுறைகளின் கீழ் வருகிறது.

மதுரைச் சமவெளியின் வெயில்

சமயநல்லூர் ஏறத்தாழ வடக்கு 10 பாகை அகலக்கோட்டில் உள்ளது. ஆண்டுச் சராசரியாக ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு 5 யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட ஒளியாற்றல் விழும் பகுதி இது. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகமூட்டத்தால் உற்பத்தி குறையும்.

வெயில் மிகுந்தால் மின்சாரமும் மிகும் என்னும் கருத்து முழுவதும் சரியன்று. மின்பலகைக்குத் தேவை ஒளி. வெப்பம் அதற்குப் பகை. மின்பலகையின் வெப்பநிலை 25 பாகை செல்சியசைக் கடந்தபின், ஒவ்வொரு பாகைக்கும் அதன் திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறைகிறது. சித்திரை வெயிலில் பலகை 60 பாகையை எட்டினால் இழப்பு பத்து விழுக்காட்டைத் தாண்டும். எனவே பலகைக்கும் தளத்திற்கும் இடையே காற்றோட்டத்திற்கு இடைவெளி விடப்படுகிறது.

ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் இப்பகுதியில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் இருக்கும். இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்குச் சற்று வடக்கேயும், ஏனைய மாதங்களில் தெற்கேயும் காணப்படும். டிசம்பர் இறுதியில் நண்பகலில்கூட அது 57 பாகை உயரத்திற்கு மேல் ஏறாது. இக்காரணத்தால் பலகைகள் தெற்கு நோக்கி ஏறத்தாழ 10 பாகைச் சாய்வில் அமைக்கப்படுகின்றன. மழைநீர் தூசியைக் கழுவிச் செல்லவும் இச்சாய்வு உதவுகிறது.

தமிழ்நாட்டில் வளர்ச்சி

தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை 1985-இல் தொடங்கப்பட்டது. புதிய வீட்டின் வரைபடத்திலேயே சூரிய மின்சாரத்தைச் சேர்த்த பெரிய முயற்சியாக, 2011-இல் அறிவிக்கப்பட்ட முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைக் குறிப்பிடலாம். ஊரகப் பகுதி ஏழைகளுக்காக ஆண்டுக்கு 60,000 வீடுகள் என ஐந்து ஆண்டுகளில் 3 லட்சம் வீடுகள் கட்டுவது அதன் இலக்காக இருந்தது. ஒவ்வொரு வீடும் 300 சதுர அடி பரப்புடையது. தொடக்கத்தில் வீட்டுக்கு ரூ. 1.80 லட்சம் ஒதுக்கப்பட்டது. படுக்கையறை, கூடம், சமையலறை, கழிவறை, தாழ்வாரம் ஆகியவற்றிற்கு ஒன்றாக ஐந்து சூரிய மின்விளக்குகள் வழங்கப்பட்டன. மழைநீர் சேகரிப்பு அமைப்பும் வடிவமைப்பில் இடம்பெற்றது.

2012-இல் தமிழ்நாடு சூரிய மின்சக்திக் கொள்கை வெளியிடப்பட்டது. 2015-ஆம் ஆண்டுக்குள் 3,000 மெகாவாட் என்னும் இலக்கை அது முன்வைத்தது. அவ்வாண்டில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்வெட்டு நிலவியது. வீடுகளில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் பரவலானதும் இக்காலத்தில்தான். 2016-இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் செயற்படத் தொடங்கியது. 2019-இல் வெளியான புதிய கொள்கை 2023-க்குள் 9,000 மெகாவாட் என்னும் இலக்கை வகுத்து, அதில் 40 விழுக்காட்டை நுகர்வோரின் கூரை முதலியவற்றிற்கு ஒதுக்கியது.

2024 பிப்ரவரியில் இந்திய அரசு, பிரதமரின் சூரிய வீடு: இலவச மின்சாரத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்ட இத்திட்டத்திற்கு ரூ. 75,021 கோடி ஒதுக்கப்பட்டது. திட்டக் காலம் 2026–27 நிதியாண்டு வரையாகும்.

முடிவைத் தீர்மானிப்பவை

மின்நுகர்வு

இம்முடிவில் முதன்மையானது கூரையின் பரப்போ வெயிலின் அளவோ அன்று. வீட்டின் மின்நுகர்வே ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை மின்கட்டணம் கணக்கிடப்படுகிறது. 2016 முதல் முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அதற்கு மேல் நுகர்வு கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாக உயர்கிறது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீதங்கள் பின்வருமாறு:

- இரு மாத நுகர்வு 500 யூனிட் வரை: 101–200 யூனிட்டுக்கு ரூ. 2.25, 201–400 யூனிட்டுக்கு ரூ. 4.50, 401–500 யூனிட்டுக்கு ரூ. 6.
- 500 யூனிட்டைக் கடந்தால்: 101–400 யூனிட்டுக்கு ரூ. 4.50, 401–500 யூனிட்டுக்கு ரூ. 6, 501–600 யூனிட்டுக்கு ரூ. 8, 601–800 யூனிட்டுக்கு ரூ. 9, 801–1,000 யூனிட்டுக்கு ரூ. 10, அதற்கு மேல் ரூ. 11.

2024 ஜூலையில் இவ்வீதங்கள் உயர்த்தப்பட்டன. எனினும் படிநிலை அமைப்பு மாறவில்லை என்பதால், ஒப்பீட்டிற்கு மேற்கண்ட வீதங்களே இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. ஒரு கிலோவாட் அமைப்பு மாதத்திற்கு 100 யூனிட், அதாவது இரு மாதங்களுக்கு 200 யூனிட் தரும் எனக் கொள்ளப்படுகிறது.

- இரு மாதங்களுக்கு 200 யூனிட் பயன்படுத்தும் வீடு: கட்டணம் ரூ. 225. ஒரு கிலோவாட் அமைப்பு இதனை முழுவதும் நீக்கினாலும் ஆண்டுச் சேமிப்பு ரூ. 1,350 மட்டுமே.
- 400 யூனிட் பயன்படுத்தும் வீடு: கட்டணம் ரூ. 1,125. ஒரு கிலோவாட் அமைப்பால் அது ரூ. 225 ஆகும். ஆண்டுச் சேமிப்பு ரூ. 5,400.
- 600 யூனிட் பயன்படுத்தும் வீடு: கட்டணம் ரூ. 2,750. இரண்டு கிலோவாட் அமைப்பால் ரூ. 225 ஆகும். ஆண்டுச் சேமிப்பு ரூ. 15,150.
- 900 யூனிட் பயன்படுத்தும் வீடு: கட்டணம் ரூ. 5,550. மூன்று கிலோவாட் அமைப்பால் ரூ. 675 ஆகும். ஆண்டுச் சேமிப்பு ரூ. 29,250.

முதல் இரண்டு வீடுகளிலும் பொருத்தப்படுவது ஒரே கிலோவாட். கிடைப்பதும் அதே 200 யூனிட். ஆயினும் சேமிப்பு நான்கு மடங்கு வேறுபடுகிறது. சூரிய மின்சாரம் கட்டணப் பட்டியலின் உச்சியில் உள்ள விலையுயர்ந்த யூனிட்டுகளை முதலில் நீக்குவதே இதற்குக் காரணம். 500 யூனிட் எல்லையைச் சிறிது கடக்கும் வீடுகளில் இவ்விளைவு மேலும் தெளிவாகத் தெரியும். 500 யூனிட்டுக்கு ரூ. 1,725 செலுத்தும் வீடு, 510 யூனிட் ஆனவுடன் ரூ. 2,030 செலுத்த வேண்டியிருக்கும். பத்து யூனிட்டின் விலை ரூ. 305 ஆகிறது.

ஆணையம் விதிக்கும் வலையமைப்புக் கட்டணம், கடன் வட்டி, பலகைகளின் திறன் தேய்வு ஆகியவை இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

முதலீடு திரும்பும் காலம்

2024 திட்டத்தின்படி முதல் இரண்டு கிலோவாட்டுக்கு, கிலோவாட் ஒன்றுக்கு ரூ. 30,000 மானியம் வழங்கப்படுகிறது. மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ. 18,000. உச்ச அளவு ரூ. 78,000. இம்மானியம், முதல் இரண்டு கிலோவாட்டுக்கு ரூ. 50,000 வீதமும் மூன்றாவதற்கு ரூ. 45,000-மும் அடிப்படை விலையாகக் கொண்டு வகுக்கப்பட்டது. அவ்விலையில் கிடைப்பின், 900 யூனிட் வீட்டார் தம் பங்காக இடும் ரூ. 67,000 இரண்டரை ஆண்டுகளுக்குள் திரும்பும். 400 யூனிட் வீட்டாரின் ரூ. 20,000 நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பும். 200 யூனிட் வீட்டாருக்கோ அதே ரூ. 20,000 திரும்பப் பதினைந்து ஆண்டுகள் ஆகும்.

உயரமான இரும்புச் சட்டம், நீண்ட மின்கம்பி ஆகியவை சேரும்போது விலை கூடும். ஒரு கிலோவாட்டின் விலை ரூ. 75,000 எனக் கொண்டால், மானியம் போக ரூ. 45,000 செலவாகும். அதனை மீட்க 200 யூனிட் வீட்டாருக்கு 33 ஆண்டுகள் தேவை. இது பலகையின் ஆயுளையே கடந்த காலமாகும். எனவே குறைந்த நுகர்வுடைய வீட்டிற்கு மின்பலகை சிக்கனமான முதலீடு அன்று. வீட்டுக்கடனின் கடைசித் தவணையில் பூச்சுக்கும் கதவுக்கும் பணம் தேடும் குடும்பம் இதற்காக மேலும் கடன் பெறத் தேவையில்லை.

நுகர்வை மதிப்பிடல்

புதிய வீட்டிற்குப் பழைய மின்கட்டண அட்டை இராது. முன்னர் வாழ்ந்த வீட்டின் ஓராண்டுக் கணக்கை எடுத்து, புதிதாகச் சேரும் குளிரூட்டி, ஆழ்துளைக் கிணற்று மோட்டார், மின்சார வண்டி ஆகியவற்றைக் கூட்டி மதிப்பிடுவது ஒரு வழி. குடிபுகுந்து ஆறு கட்டணக் கணக்குகளைப் பார்த்த பின் கொள்ளளவை முடிவு செய்வது மற்றொரு வழி. இரண்டாவது வழி துல்லியமானது. ஆயினும் மானியத் திட்டத்தின் காலவரம்பைக் கருத்திற் கொள்ள வேண்டும். தேவைக்கு மிகுதியான கொள்ளளவைப் பொருத்துவதால் பயன் குறைவு. ஆண்டு முடிவில் எஞ்சும் மிகை யூனிட்டுகளுக்கு உயர்ந்த படிநிலையின் விலை கிடைப்பதில்லை.

கட்டுமானத்தின்போது செய்ய வேண்டியவை

மின்பலகைகளை உடனே வாங்காதவர்களும் பின்வருவனவற்றைக் கட்டுமானத்திலேயே சேர்ப்பது நன்று. இவற்றிற்கான செலவு குறைவு. பின்னர் செய்தால் தளத்தை உடைக்க நேரிடும்.

இடமும் நிழலும்

ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர், அதாவது சற்றேறக்குறைய 100 சதுர அடி நிழலற்ற இடம் ஒதுக்கப்படுகிறது. மூன்று சென்ட் மனையில் கட்டப்படும் வீட்டின் கூரையிலும் மூன்று கிலோவாட்டுக்கு இடம் கிடைக்கும். ஆனால் நிழல் அதனைக் கெடுக்கக்கூடும்.

தென்மேற்கு மூலையில் மேல்நிலை நீர்த்தொட்டியை வைப்பது வாத்து மரபு. மாடிப்படி அறையும் பல வீடுகளில் அதனை ஒட்டியே அமைகிறது. டிசம்பர் மாதத்தில் பிற்பகல் 3 மணியளவில், ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளத்திற்கு வடகிழக்கு நோக்கி விழும். அதாவது தென்மேற்குத் தொட்டியின் நிழல் கூரையின் நடுப்பகுதியை நோக்கிச் சாய்கிறது. தொட்டியும் படியறையும் வடபுறத்தில் அமைந்தால் இச்சிக்கல் பெருமளவு நீங்கும். மரபை விட விரும்பாதோர் பலகைகளைத் தொட்டியிலிருந்து தள்ளி அமைக்கலாம். அல்லது சட்டத்தை உயர்த்தலாம்.

தொடராக இணைக்கப்பட்ட பலகைகளில் ஒன்றன்மேல் நிழல் விழுந்தாலும் அத்தொடர் முழுவதன் உற்பத்தியும் பாதிக்கப்படலாம். தெற்கேயும் மேற்கேயும் உள்ள தென்னைகளையும், பக்கத்து மனையில் பின்னர் எழக்கூடிய மாடியையும் கருத வேண்டும்.

சட்டமும் தளமும்

மின்பலகையும் சட்டமும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிலோகிராம் எடையுள்ளவை. கான்கிரீட் தளத்திற்கு இது பெரிய சுமை அன்று. இடர் காற்றினால் வருவது. இந்தியத் தர ஆவணம் 875-இன் மூன்றாம் பகுதி மதுரைக்கு நொடிக்கு 39 மீட்டர் அடிப்படைக் காற்று வேகத்தைக் கொள்கிறது. அத்தகைய காற்று பலகையின் அடியில் புகுந்து அதனைத் தூக்க முயலும்.

செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதித்த பின் தளத்தைத் துளைத்து ஆணி இறக்கினால், அவ்வழியே மழைநீர் கசியும். இதனைத் தவிர்க்க, தளம் போடும்போதே சட்டக் கால்களுக்கான சிறு கான்கிரீட் பீடங்களைக் கம்பியுடன் சேர்த்து வார்த்துவிட வேண்டும். தட்டோட்டுப் பணி அதன் பின்னரே நடைபெற வேண்டும். துணியும் வற்றல் வடகமும் உலர்த்த மொட்டைமாடி தேவைப்படும் வீடுகளில் ஆள் உயரத்திற்கு மேல் சட்டம் அமைக்கப்படுகிறது. அவ்வாறாயின் பீடங்கள் மேலும் வலுவாக இருத்தல் வேண்டும்.

பிற்காலத்தில் மேல்தளம் எழுப்பும் எண்ணத்துடன் தூண் கம்பிகளை நீட்டி விடும் வழக்கம் இப்பகுதியில் உண்டு. சில ஆண்டுகளில் மாடி கட்டுவது உறுதியாயின், பலகைகளைக் கழற்றி மீண்டும் பொருத்தும் செலவையும் கணக்கிற் கொள்ள வேண்டும்.

மின்கம்பிப் பணிகள்

- மொட்டைமாடியிலிருந்து மின்னளவி இருக்குமிடம் வரை, வேறு கம்பிகள் செல்லாத தனிக் குழாய் ஒன்றைச் சுவரில் பதித்தல்.
- இன்வெர்ட்டருக்கு நேரடி வெயிலும் மழையும் படாத, காற்றோட்டமுள்ள சுவர்ப்பகுதியை ஒதுக்குதல்.
- மின்னளவிப் பலகையில் இருவழி மின்னளவிக்கும் உற்பத்தி மின்னளவிக்கும் இடம் விடுதல்.
- பலகைகள், இன்வெர்ட்டர், இடிதாங்கி ஆகியவற்றிற்குத் தனித்தனி நிலத்தொடுப்புக் குழிகளை அமைத்தல்.
- பலகைகளைக் கழுவ மொட்டைமாடியில் ஒரு நீர்க்குழாய் வைத்தல்.

மின்தடையும் பேட்டரியும்

கூரையில் சூரிய மின்பலகை இருந்தால் மின்தடை நேரத்தில் விளக்கு எரியும் எனப் பலர் கருதுகின்றனர். மின்கட்டமைப்புடன் இணைந்த அமைப்பில் இது நிகழாது. தெருவில் மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். நண்பகல் வெயிலிலும் அவ்வாறே. கம்பத்தில் பணிபுரியும் மின்வாரிய ஊழியர்மீது வீட்டிலிருந்து வரும் மின்சாரம் பாய்ந்துவிடாமல் காக்கும் ஏற்பாடு இது.

மின்தடையின்போதும் மின்சாரம் வேண்டுவோர் கலப்பு அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அல்லது விளக்கு, மின்விசிறி ஆகியவற்றிற்கு மட்டும் சிறிய இன்வெர்ட்டரும் பேட்டரியும் தனியே வைத்துக்கொள்ளலாம். காரீய–அமில பேட்டரிகள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். இலித்தியம் பேட்டரிகள் அதனினும் நெடுங்காலம் உழைக்கும், விலையும் மிகுதி. பேட்டரியைச் சேர்த்தால் முதலீடு திரும்பும் காலம் நீளும் என்பதால், அதனைச் சேமிப்புக்கான செலவாகக் கருதாமல் வசதிக்கான செலவாகக் கருதுதல் பொருந்தும்.

விண்ணப்பமும் மானியமும்

மானியம் பெற விண்ணப்பிக்கும்போது வீட்டின் மின்நுகர்வோர் எண் தேவைப்படுகிறது. கட்டுமானக் காலத் தற்காலிக இணைப்பிற்கு மாற்றாக நிரந்தர வீட்டு இணைப்பு பெற்ற பின்னரே புதிய வீட்டார் விண்ணப்பிக்க இயலும். நடைமுறை பின்வருமாறு:

1. தேசிய இணையவாயிலில் மாநிலம், மின்பகிர்மான நிறுவனம், நுகர்வோர் எண் ஆகியவற்றைத் தந்து பதிவு செய்தல்.
2. பதிவு பெற்ற நிறுவனங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்.
3. அமைப்பைப் பொருத்தி, இருவழி மின்னளவிக்கு விண்ணப்பித்தல்.
4. மின்பகிர்மான நிறுவனத்தின் ஆய்வுக்குப் பின் அமைப்பு இயக்கப்படல்.
5. மானியம் வீட்டாரின் வங்கிக் கணக்கில் சேர்தல்.

மானியத்திற்கு இந்தியாவில் உற்பத்தியான மின்கலங்களால் ஆன பலகைகளையே பயன்படுத்த வேண்டும். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான அமைப்புகளுக்குத் தொழினுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. மூன்று கிலோவாட் வரையிலான அமைப்புகளுக்குப் பிணையற்ற வங்கிக்கடன் வசதியும் திட்டத்தில் உண்டு. விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது மொத்தத் தொகையுடன் சட்டத்தின் உயரம், கம்பியின் தரம், நிலத்தொடுப்பு, பராமரிப்புக் காலம் ஆகியவற்றையும் எழுத்தில் பெறுதல் வேண்டும்.

பராமரிப்பும் ஆயுளும்

மின்பலகைகளுக்கு 25 ஆண்டுத் திறன் உறுதி அளிக்கப்படுவது வழக்கம். அக்காலத்தின் இறுதியில் தொடக்கத் திறனில் ஏறத்தாழ 80 விழுக்காடு எஞ்சும். இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையேனும் மாற்ற நேரிடலாம். அதற்கான தொகையை முன்னரே ஒதுக்கி வைத்தல் நன்று. மழையற்ற மாதங்களில் நெடுஞ்சாலைத் தூசியும் பறவை எச்சமும் உற்பத்தியைக் குறைக்கும். ஆகவே பலகைகளைக் காலையிலோ மாலையிலோ, அவை சூடின்றி இருக்கும்போது நீரால் கழுவ வேண்டும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் கண்ணாடியில் வெண்படிவை உண்டாக்கும் என்பதால், கழுவிய பின் துடைத்துவிடுதல் வேண்டும்.

பிற தெரிவுகள்

மின்னாற்றலை உண்டாக்குவதற்கு முன் அதன் தேவையைக் குறைப்பது பெரும்பாலும் மலிவானது. 75 வாட் மின்விசிறி நாளொன்றுக்கு 15 மணி நேரம் இயங்கினால் இரு மாதங்களில் 67 யூனிட்டுக்கு மேல் செலவாகும். 30 வாட் அளவில் இயங்கும் தூரிகையற்ற மின்விசிறி அதே நேரத்தில் 27 யூனிட் மட்டுமே எடுக்கும். இத்தகைய விசிறிகள் மூன்றை வைத்தால் இரு மாதங்களுக்கு ஏறத்தாழ 120 யூனிட் மிஞ்சும். இது ஒரு கிலோவாட் அமைப்பின் உற்பத்தியில் பாதிக்கும் மேலாகும். தளத்தின்மேல் வெண்ணிறப் பூச்சு, மேற்குச் சுவருக்கு நிழல், குறுக்குக் காற்றோட்டம் ஆகியவை குளிரூட்டியின் தேவையைக் குறைக்கும்.

விமர்சனங்கள்

படிநிலைக் கட்டணமும் கூரை மானியமும் சேர்ந்து, மிகுதியாக மின்சாரம் பயன்படுத்தும் வசதியுள்ள வீடுகளுக்கே பெரும்பயனைத் தருகின்றன என்பது முதன்மையான விமர்சனம் ஆகும். மேற்கண்ட கணக்கும் இதனையே காட்டுகிறது. உயர்ந்த படிநிலையில் கட்டணம் செலுத்துவோர் குறைந்தால், இலவச, குறைகட்டண மின்சாரத்தின் சுமையில் ஒரு பகுதியை ஈடுசெய்யும் வருவாயும் மின்பகிர்மான நிறுவனத்திற்குக் குறையும். வாடகை வீட்டில் வாழ்வோருக்கும் ஓட்டுக்கூரை வீடுகளுக்கும் இத்தகைய திட்டங்கள் எளிதில் எட்டுவதில்லை. அடுக்குமாடிகளில் கூரை பொதுவுடைமை என்பதால் அனைவரின் ஒப்புதலும் தேவைப்படுகிறது.

சூரிய மின்சாரம் பகலில் கிடைக்க, வீடுகளின் தேவை மாலையிலும் இரவிலும் உச்சத்தை அடைவது மற்றொரு சிக்கல். நிகர அளவீடு இவ்வேறுபாட்டை வீட்டாருக்கு மறைத்துவிடுகிறது. மாலைத் தேவைக்கான மின்சாரத்தை மின்வாரியம் வேறு மின்நிலையங்களிலிருந்தே பெற வேண்டியுள்ளது. மறுபுறம், எரிபொருளின்றி, பயன்படும் இடத்திலேயே உண்டாகும் பகல்நேர மின்சாரம் மின்கம்பி இழப்பையும் மாசையும் குறைக்கிறது என்பது ஆதரவாளர்களின் வாதம்.

பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டிற்கும் ஐந்து விளக்குகளுக்கான சூரிய அமைப்பு வரைபடத்திலேயே இடம்பெற்றிருந்தது. பெரிய வீடுகளில் அது இன்றும் பெரும்பாலும் தளம் போட்ட பின்னரே நினைவுக்கு வருகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- சூரிய மின்கலம்
- நிகர அளவீடு
- கமுதி சூரிய மின்நிலையம்
- மழைநீர் சேகரிப்பு
- சமயநல்லூர்